பழைய ஸ்போர்ட்ஸ் காரின் வாஷர்: புது மோட்டார் வாங்கக் கிளம்புவதற்கு முன்

எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையில் கன்டெய்னர் டிரெய்லர்களுக்கு நடுவே தாழ்வான காரை ஓட்டுகிறவருக்கு, முன்கண்ணாடியைக் கழுவும் வாஷர் அலங்காரப் பொருள் இல்லை. டிரெய்லர் சக்கரம் வாரி இறைப்பது எல்லாம் நேராக உங்கள் கண்ணாடியில்தான் விழும். லேசாகத் தூறினாலே போதும். ரோட்டில் படிந்திருக்கும் நிலக்கரித் தூளும் டீசல் பிசுக்கும் மணலும் சேறாகக் குழைந்து வந்து அப்பிக்கொள்ளும். அந்த நேரத்தில் வாஷர் வேலை செய்யாமல் வைப்பரை மட்டும் போட்டால், பிசுக்கு கண்ணாடி முழுக்கப் பரவி எதிரே வருகிற வண்டியின் விளக்கு மட்டும்தான் தெரியும். வெயில் நாளில் வறண்ட கண்ணாடிமேல் வைப்பர் ஓடினால் மணல் தேய்த்துக் கீறல் விழும். பழைய காருக்கு முன்கண்ணாடி கிடைப்பது எவ்வளவு கஷ்டம் என்று தேடிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

இன்ஜினுக்கும் பெயிண்டுக்கும் தாராளமாகச் செலவு செய்கிற பலர் வாஷரை அப்படியே விட்டுவிடுகிறார்கள். ஆனால் பழைய காரில் நாமே கற்றுக்கொண்டு நாமே முடிக்கக்கூடிய வேலைகளில் இதுதான் முதலாவது. பெரிய கருவி எதுவும் வேண்டாம். ஸ்க்ரூ டிரைவர், குறடு, 12 வோல்ட் டெஸ்ட் லேம்ப் (கரண்ட் வருகிறதா என்று எரிந்து காட்டும் சின்ன பல்பு), மருந்துக் கடையில் கிடைக்கும் 20 மில்லி சிரிஞ்ச் ஒன்று, துரு தேய்க்க வாட்டர் பேப்பர் ஒரு துண்டு, இரண்டு லிட்டர் சுத்தமான தண்ணீர். பெரும்பாலும் இவ்வளவுதான்.

ஒரே ஒரு விஷயத்தை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். வாஷரில் தண்ணீர் வரவில்லை என்றதும் "மோட்டார் போயிருக்கும்" என்று பழைய உதிரிபாகம் விற்கும் புதுப்பேட்டைக்குக் கிளம்பாதீர்கள். அடைப்பு, ஓட்டை, துரு இந்த மூன்றையும் பார்த்து முடித்த பிறகுதான் மோட்டாரைச் சந்தேகப்பட வேண்டும். கடற்காற்றும் உப்புத் தண்ணீரும் உள்ள நம் பக்கத்தில் இந்த வரிசை இன்னும் முக்கியம்.

தண்ணீர் போகும் வழி

பானெட்டுக்குள்ளேயோ முன்சக்கரத்துக்கு மேலே ஃபெண்டருக்குள்ளேயோ ஒரு பிளாஸ்டிக் டேங்க் இருக்கும். அதன் அடிப்பக்கத்தில் ஒரு ரப்பர் புஷ்ஷுக்குள், தண்ணீரைத் தள்ளும் சின்ன மோட்டார் செருகப்பட்டிருக்கும். அதிலிருந்து ஒரு ட்யூப் கிளம்பி, வழியில் ஒரு ஒன்வே வால்வைத் தாண்டி, டி ஜாயிண்டில் இரண்டாகப் பிரிந்து, பானெட்டின் மேலே அல்லது கண்ணாடிக்குக் கீழே உள்ள, தண்ணீர் பீய்ச்சும் நாசில்களுக்குப் போகும். மின்சாரம் பேட்டரியிலிருந்து சாவி ஸ்விட்ச், ஃபியூஸ், ஸ்டியரிங்கை ஒட்டிய நெம்பு ஸ்விட்ச் வழியாக மோட்டாருக்கு வந்து எர்த்தில், அதாவது பேட்டரியின் மறுமுனையோடு இணைந்த காரின் இரும்பு உடம்பில், முடியும்.

இது பொதுவான அமைப்பு. மிகவும் பழைய கார்களில் வேறு மாதிரியும் உண்டு. நம் மெட்ராஸில் தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டைப் பலருக்கு நினைவிருக்கும். அதே ஹெரால்டின் சேசிஸைக் குறுக்கித்தான் டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் என்ற இரண்டு சீட் காரை 1962இல் கொண்டுவந்தார்கள். அந்தக் காலத்து பிரிட்டிஷ் கார்கள் பலவற்றில் மோட்டாரே கிடையாது. டாஷ்போர்டில் இருக்கும் குமிழை விரலால் அழுத்தினால் அதற்குள் இருக்கும் ரப்பர் சவ்வு தண்ணீரைத் தள்ளும். ஃபோக்ஸ்வேகன் பீட்டிலில் ஸ்டெப்னி டயரின் காற்றழுத்தத்தையே தண்ணீர் தள்ளப் பயன்படுத்தினார்கள். உங்களுடையது கைப்பம்ப் வகை என்றால் கீழே வரும் மின்சாரப் பகுதியை விட்டுவிடலாம். ட்யூபும் நாசிலும் எல்லாருக்கும் ஒன்றுதான்.

முதலில் காது கொடுங்கள்

இன்ஜின் ஓட வேண்டாம். சாவியை மட்டும் ஆன் நிலைக்குத் திருப்பி, பானெட்டைத் திறந்து வையுங்கள். மின்விசிறி திடீரென்று சுற்றலாம், அதனால் கையை அந்தப் பக்கம் கொண்டுபோகாதீர்கள். ஒருவர் உள்ளே உட்கார்ந்து வாஷரை அழுத்த, நீங்கள் டேங்க் அருகே காதை வையுங்கள். தெருவில் சத்தம் அதிகமாக இருந்தால் மோட்டார்மேல் விரலை வைத்துப் பாருங்கள், அதிர்வு தெரியும்.

ராயபுரத்தில் எனக்குத் தெரிந்த ஒரு ஆட்டோ எலக்ட்ரீஷியன் அண்ணன் யார் வந்து கேட்டாலும் இதைத்தான் முதலில் சொல்வார்: "தம்பி, கத்துதா, கத்தலையா? அத சொல்லு மொதல்ல." மோட்டார் கத்துகிறது, ஆனால் தண்ணீர் வரவில்லை என்றால் குறை தண்ணீர்ப் பாதையில் இருக்கிறது. கத்தவே இல்லை என்றால் மின்சாரப் பாதையில். அரைகுறையாக முனகினால் மோட்டாருக்குள் அழுக்கு சிக்கியிருக்கலாம், அல்லது எர்த் சரியில்லாமல் கரண்ட் குறைவாக வரலாம்.

மோட்டார் கத்துகிறது, தண்ணீர் இல்லை

சிரிக்காமல் டேங்கில் தண்ணீர் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், மோட்டாரிலிருந்து கிளம்பும் ட்யூபை அங்கேயே கழற்றி, ஒரு டப்பாவைக் கீழே பிடித்துக்கொண்டு வாஷரை அழுத்தச் சொல்லுங்கள். இங்கே தண்ணீர் பலமாக அடித்தால் மோட்டாரும் டேங்கும் நலம். ட்யூபை மாட்டிவிட்டு அடுத்த இணைப்பைக் கழற்றுங்கள். ஒன்வே வால்வுக்கு முன், வால்வுக்குப் பின், டி ஜாயிண்ட், கடைசியில் நாசில் என்று ஒவ்வொரு இடமாக நகர்ந்தால், எந்த இடத்தில் தண்ணீர் நின்றுபோகிறதோ அங்கேதான் குறை. ஊகிக்க வேண்டிய வேலையே இல்லை.

மோட்டார் வாயிலேயே தண்ணீர் சொட்டாக வந்தால் மோட்டாரை வெளியே எடுக்க வேண்டும். டேங்க் ஃபெண்டருக்குள் இருக்கும் கார்களில் முன்சக்கரத்தைக் கழற்றி, உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் மறைப்பை எடுத்தால்தான் கை போகும். சமதரையில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, பின்சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து, ஜாக்கியோடு ஸ்டாண்டும் கொடுத்த பிறகுதான் சக்கரத்தைக் கழற்ற வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி உடம்பை வண்டிக்குக் கீழே கொண்டுபோகாதீர்கள். முகப்பு விளக்கு மேலெழும்பித் திறக்கும் வகைக் கார் என்றால் அந்த விளக்கு மோட்டாரின் ஃபியூஸையும் முதலில் எடுத்துவிடுங்கள். அந்த மூடி எதிர்பாராமல் மூடினால் விரல் மாட்டிக்கொள்ளும்.

டேங்கில் உள்ள தண்ணீரை முதலில் சிரிஞ்சாலோ ட்யூபாலோ வெளியேற்றிவிடுங்கள். மோட்டாரை லேசாக முறுக்கிக்கொண்டே நேராக இழுத்தால் ரப்பர் புஷ்ஷிலிருந்து கழன்று வரும். ஸ்க்ரூ டிரைவரால் நெம்பினால் பழைய பிளாஸ்டிக் டேங்கின் வாய் உடைந்துவிடும், அப்புறம் டேங்கையே மாற்ற வேண்டியிருக்கும்.

எடுத்த மோட்டாரின் உறிஞ்சும் முனையைப் பாருங்கள். பெரும்பாலும் அங்கே ஒரு சின்ன வலைச்சல்லடை இருக்கும், சில கார்களில் அது ரப்பர் புஷ்ஷோடு சேர்ந்தே வரும். பல வருடம் திறக்காத காரில் அந்தச் சல்லடைமேல் பச்சையும் பழுப்புமாக ஒரு வழுவழுப்பான படலம் மூடியிருக்கும். விரலால் தேய்த்தால் தோல் உரிவது போல ஒரே துண்டாகக் கழன்று வரும். அதன் அடியில் வெள்ளையாக உப்புப் பொருக்கு. இந்த இரண்டும்தான் "மோட்டார் போச்சு" என்று தூக்கிப்போடப்படும் பல மோட்டார்களின் உண்மையான நோய். பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவுங்கள்.

டேங்கையும் அதே சூட்டில் சுத்தம் செய்துவிடுங்கள். கழற்ற முடிந்தால் கழற்றி, ஒரு கைப்பிடி அரிசியும் கொஞ்சம் வெதுவெதுப்பான தண்ணீரும் போட்டு நன்றாகக் குலுக்கினால் கை நுழையாத மூலையில் இருக்கும் பாசிகூட வந்துவிடும். ஒரு அரிசியும் உள்ளே தங்காதபடி அலசி ஊற்றுங்கள்.

டேங்கில் விரிசல் இருந்தால் எம்-சீலோ உடனடி கம்மோ போட்டு ஒட்டலாம் என்று நினைப்பீர்கள். இந்த டேங்குகள் பெரும்பாலும் பாலித்தீன் வகைப் பிளாஸ்டிக். அதன்மேல் எந்தக் கம்மும் நிலைக்காது, சில நாளில் ஏடாக உரிந்துவிடும். பிளாஸ்டிக் குடம், தண்ணீர் டேங்க் ஒட்டுகிறவர்கள் செய்வது போல, சூடான இரும்பால் அதே வகைப் பிளாஸ்டிக்கை உருக்கி ஒட்டினால்தான் நிற்கும். ஒட்டியதும் தண்ணீர் நிரப்பி, செய்தித்தாள் விரித்து அதன்மேல் ஒரு ராத்திரி வையுங்கள். காலையில் தாள் காய்ந்திருந்தால் சரி.

திரும்ப மாட்டும்போது ரப்பர் புஷ் காய்ந்து வெடித்திருந்தால் புதியது போட்டுவிடுங்கள். மோட்டாரைச் செருகுவதற்கு சோப்புத் தண்ணீர் தடவினால் போதும். கிரீஸோ இன்ஜின் ஆயிலோ தடவினால் ரப்பர் ஊதிப்போகும்.

மோட்டார் கத்தவே இல்லை

வைப்பர் ஓடுகிறதா பாருங்கள். பல கார்களில் வைப்பருக்கும் வாஷருக்கும் ஒரே ஃபியூஸ். வைப்பர் ஓடி வாஷர் மட்டும் பேசவில்லை என்றால் பெரும்பாலும் ஃபியூஸ் நல்லதாகத்தான் இருக்கும். இரண்டுமே இல்லை என்றால் ஃபியூஸைக் கழற்றிப் பாருங்கள். பழைய பிரிட்டிஷ், இத்தாலிய கார்களில் பல நேரம் ஃபியூஸ் அறுந்திருக்காது, அதைப் பிடித்திருக்கும் கவ்வியில் பச்சைத் துரு ஏறியிருக்கும். வாட்டர் பேப்பரால் இரண்டு பக்கமும் தேய்த்தாலே உயிர் வந்துவிடும்.

அடுத்து மோட்டாரின் கப்ளர், அதாவது ஒயர் வந்து மோட்டாரில் செருகும் இணைப்பு. காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை கடலை ஒட்டி நிற்கும் கார்களில் என் முதல் சந்தேகம் இதன்மேல்தான். கப்ளரைக் கழற்றி, உள்ளே உள்ள பின்களை டார்ச் அடித்துப் பாருங்கள். பித்தளை நிறம் மங்கி, ஓரத்தில் பச்சைத் தூள் பூத்திருந்தால் அதைச் சுரண்டி எடுத்து, கான்டாக்ட் கிளீனர் அடித்து, தளர்ந்த பின்னைக் குறடால் கொஞ்சம் நெருக்கி மாட்டுங்கள். மாட்டியபின் மேலே கொஞ்சம் பேட்டரி ஜெல்லி தடவினால் உப்புக்காற்று உடனே உள்ளே போகாது.

இப்போது டெஸ்ட் லேம்ப். கப்ளரின் இரண்டு பின்களுக்கும் நடுவே லேம்பைக் கொடுத்து வாஷரை அழுத்தச் சொல்லுங்கள். பளிச்சென்று எரிந்தால் கரண்டும் எர்த்தும் சரி, மோட்டார்தான் குற்றவாளி. மங்கலாக எரிந்தால் எங்கோ துரு இருக்கிறது. எரியவே இல்லை என்றால் ஒவ்வொரு பின்னாகச் சோதிக்க வேண்டும். ரிச்சி தெருவில் மல்டிமீட்டர் மலிவாகக் கிடைக்கிறதே, அதை வைத்துப் பார்க்கலாமே என்று கேட்கலாம். பார்க்கலாம். ஆனால் மீட்டர் மிகக் குறைந்த கரண்டைத்தான் இழுக்கும், அதனால் ஒரே ஒரு இழை மட்டும் மிச்சமிருக்கிற ஒயர்கூட மீட்டரில் 12 வோல்ட் காட்டிவிடும். லேம்ப் கரண்டை இழுத்துப் பார்க்கும், ஒயரின் உண்மையான தெம்பு அதில்தான் தெரியும். மீட்டர்தான் கையில் இருக்கிறது என்றால் மோட்டாரை மாட்டிய நிலையிலேயே, அழுத்தும்போது என்ன காட்டுகிறது என்று பாருங்கள்.

இங்கே புதியவர்கள் குழம்புகிற ஒரு இடம் உண்டு. எல்லாக் காரிலும் ஸ்விட்ச் பாசிட்டிவை அனுப்புவதில்லை. ஜப்பானிய கார்கள் சிலவற்றில் சாவி போட்டதும் மோட்டாருக்கு 12 வோல்ட் எப்போதும் வந்து நிற்கும். நெம்பு ஸ்விட்ச் எர்த்தைத்தான் இணைத்துக் கொடுக்கும். அழுத்தாமலே ஒரு பின்னில் கரண்ட் இருக்கிறது என்றால் ஷார்ட் என்று பயந்து ஒயரை வெட்டிவிடாதீர்கள். அந்தக் காரின் அமைப்பே அப்படி இருக்கலாம்.

எர்த் பற்றி இன்னும் கொஞ்சம். இரும்பு பாடி என்றால் எர்த் ஒயர் பக்கத்திலேயே ஒரு போல்ட்டில் முடியும். அந்த போல்ட்டைக் கழற்றி, அடியில் உள்ள பெயிண்டையும் துருவையும் வெள்ளை உலோகம் தெரியும்வரை தேய்த்து முறுக்கினால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். ஃபைபர் பாடி கார்களில் அது நடக்காது. கோவாவிலிருந்து 1998இல் வந்த சான் ஸ்டார்ம், வெளிநாட்டு லோட்டஸ் எலான், கார்வெட் எல்லாம் ஃபைபர் உடம்பு; ஃபைபரில் மின்சாரம் பாயாது. எர்த் ஒயர் சேசிஸ் வரைக்கும் தனியாக ஓடியே ஆக வேண்டும். பழைய ஒயர் எங்கே அறுந்தது என்று தேடிக் களைப்பதைவிட சேசிஸிலிருந்து புதிதாக ஒரு எர்த் ஒயர் இழுத்துவிடுவது நல்லது.

ஒயர் எல்லாம் சரி, மோட்டார் மட்டும் அசையவில்லை என்றால் ஸ்க்ரூ டிரைவர் கைப்பிடியால் அதன் பக்கவாட்டில் இரண்டு தட்டு தட்டிக்கொண்டே அழுத்தச் சொல்லுங்கள். நெடுநாள் ஓடாமல் இறுகிய மோட்டார் இதில் விடுபடும். விடவில்லை என்றால் கழற்றி வெளியே எடுத்து, ஃபியூஸ் வைத்த ஒயரால் பேட்டரியிலிருந்து நேராகக் கரண்ட் கொடுங்கள். ஒரு நொடி ஒயரை மாற்றிப் பிடித்தால் எதிர்ப்பக்கம் சுற்றிச் சிக்கல் விடுபடும் வாய்ப்பும் உண்டு. தண்ணீர் இல்லாமல் சில விநாடிக்கு மேல் ஓட விடாதீர்கள்.

அதற்கும் மசியவில்லை என்றால் இப்போது புதிய மோட்டார் வாங்கலாம். உங்கள் காருக்கான அசல் மோட்டாரைத் தேடி அலைய வேண்டியதில்லை. ஜி.பி. ரோட்டிலும் புதுப்பேட்டையிலும் மாருதி 800 வாஷர் மோட்டார் எளிதாகக் கிடைக்கும். அதுவும் 12 வோல்ட்தான். பழைய மோட்டாரையும் ரப்பர் புஷ்ஷையும் கையோடு கொண்டுபோய், செருகும் முனையின் பருமனும் ட்யூப் மாட்டும் முனையின் பருமனும் ஒத்துப்போகிறதா என்று பக்கத்தில் வைத்துப் பார்த்து வாங்குங்கள். டேங்கும் வீண் என்றால் மோட்டாரும் டேங்குமாகச் சேர்த்தே வாங்கி, இடம் இருக்கிற இடத்தில் ஒரு பட்டை அடித்து மாட்டிவிடலாம். காட்சிக்கு வைக்கிற கார் இல்லை, ஓட்டுகிற கார் என்றால் இதில் கௌரவக் குறைவு ஒன்றும் இல்லை.

மாட்டும்போது பாசிட்டிவ், நெகட்டிவ் மாறக்கூடாது. மாறினால் மோட்டார் கத்தும், தலைகீழாகச் சுற்றும், தண்ணீர் சரியாக ஏறாது. 1967 வரை வந்த எம்.ஜி.பி. போன்ற கார்களில் பேட்டரியின் பாசிட்டிவ்தான் பாடியோடு எர்த் ஆகியிருக்கும். அதை மாற்றாமல் வைத்திருப்பவர்கள் புதிய மோட்டாரின் பாசிட்டிவ் ஒயரைத்தான் எர்த்தில் கொடுக்க வேண்டும்.

ட்யூபுக்குக் கொளத்தூர்

வட சென்னையில் வாஷர் ட்யூபுக்கு இரண்டு எதிரிகள்: பானெட் சூடும், எலியும். பழைய ட்யூப் கல்லாக இறுகி, மடக்கினால் பொடியும். எலி கடித்த ட்யூபின் ஓட்டை கண்ணுக்குத் தெரியாது. தண்ணீர் அடிக்கும்போது கீழே ஈரமாவதை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். பானெட் கீல் அருகே ட்யூப் மடிந்து நசுங்கியிருக்கிறதா என்றும் பானெட்டை ஏற்றி இறக்கிப் பாருங்கள்.

அவசரத்துக்கு நல்ல இடம் கொளத்தூர். வண்ணமீன் கடைகளில் மீன் தொட்டிக்குக் காற்று விடும் ட்யூபின் உள்விட்டம் 4 மில்லிமீட்டர். பல கார்களின் வாஷர் முனைக்கு இது கச்சிதமாக ஏறும். டி ஜாயிண்டும் ஒன்வே வால்வும்கூட அதே கடையில் கிடைக்கும். ஆனால் அந்தக் கண்ணாடி நிற ட்யூப் இன்ஜின் சூட்டில் சீக்கிரம் இறுகிவிடும், வெளிச்சம் உள்ளே போவதால் பாசியும் பிடிக்கும். ஆகவே சில மாதத்துக்கான ஏற்பாடாக அதை வைத்துக்கொண்டு, நிரந்தரத்துக்குக் கறுப்பு ரப்பர் ட்யூப் போடுங்கள். ட்யூப் முனை ஏற மறுத்தால் சுடுதண்ணீரில் கொஞ்ச நேரம் நனைத்து ஏற்றுங்கள், லைட்டரால் காட்டாதீர்கள். எக்ஸாஸ்ட் பக்கம் போகாதபடி வழி பார்த்து, டை போட்டு அங்கங்கே கட்டிவிடுங்கள்; ட்யூபை நசுக்கும் அளவுக்கு இறுக்க வேண்டாம்.

ஒன்வே வால்வில் ஒரு அம்புக்குறி இருக்கும். அது நாசிலைப் பார்த்து இருக்க வேண்டும். வால்வு கெட்டுப்போனால் ட்யூபில் உள்ள தண்ணீர் ஒவ்வொரு முறையும் டேங்குக்கே திரும்பிவிடும். அடுத்த முறை அழுத்தினால் இரண்டு மூன்று விநாடி கழித்துத்தான் கண்ணாடிக்கு வரும். டிரெய்லருக்குப் பின்னால் அந்த இரண்டு விநாடி மிக நீளம். சிரிஞ்சால் காற்றடித்துப் பாருங்கள்: ஒரு பக்கம் போக வேண்டும், மறுபக்கம் போகக்கூடாது.

நாசில்

போர் தண்ணீர் ஊற்றிய கார்களில் நாசில் துளையைச் சுற்றி வெள்ளை வளையம் பூத்திருக்கும். குண்டூசியைக் குத்தித் திறக்காதீர்கள். துளை பெரிதாகி, தண்ணீர் பீய்ச்சாமல் வழியத் தொடங்கும். தூண்டிலுக்குக் கட்டும் தங்கூசி நரம்பில் மெல்லியதாக ஒரு துண்டு எடுத்து உள்ளே விட்டு ஆட்டுங்கள். காசிமேட்டுப் பக்கம் இருப்பவர்களுக்கு அது எந்த மூலையிலும் கிடைக்கும். நாசிலைக் கழற்ற முடிந்தால் வெள்ளை வினிகரில் சில மணி நேரம் ஊறப் போடுங்கள், உப்புப் பொருக்கு கரைந்துவிடும். வினிகர் பெயிண்டில் படாமல் பார்த்துக்கொண்டு, பிறகு நல்ல தண்ணீரில் அலசுங்கள். அடைப்பை எப்போதும் வெளியிலிருந்து உள்நோக்கித் தள்ள வேண்டும். அதாவது சிரிஞ்சை நாசில் வாயில் வைத்து, ட்யூப் கழற்றிய பக்கம் அழுக்கு வெளியேறும்படி அழுத்துங்கள். ட்யூப் பக்கமிருந்து அழுத்தினால் அழுக்கு துளையில் இன்னும் இறுகிக்கொள்ளும்.

குறி வைப்பதற்கு, வண்டி நிற்கும்போது தண்ணீர் வைப்பர் துடைக்கும் பரப்பின் நடுவுக்குச் சற்று மேலே விழட்டும். வேகத்தில் காற்று அதைக் கீழே தள்ளும். உள்ளே உருண்டை வைத்த நாசிலை மெல்லிய ஊசியால் சிறிது சிறிதாகத் திருப்பலாம். உருண்டை இல்லாத பழைய குரோம் நாசிலை அடியில் உள்ள நட்டைத் தளர்த்தித் திருப்ப வேண்டும். காலை நேரத்தில் மாதவரம் 200 அடி சாலையில் கொஞ்சம் வேகம் எடுத்து ஒரு முறை அடித்துப் பார்த்து, தேவைப்பட்டால் மறுபடி சரிசெய்யுங்கள். பின்னால் பைக் வராத நேரமாகப் பாருங்கள்.

எந்தத் தண்ணீர்

போர் தண்ணீரும் உப்பு கலந்த லாரித் தண்ணீரும் வேண்டவே வேண்டாம். வீட்டில் ஆர்.ஓ. இருந்தால் அந்தத் தண்ணீர், இல்லை என்றால் பெட்ரோல் பங்கில் விற்கும் டிஸ்டில்டு வாட்டர். பிசுக்கு எடுக்க லிட்டருக்கு ஒரு சின்ன மூடி கார் ஷாம்பு போதும். துணி துவைக்கும் பவுடர் கரையாமல் அடியில் படிந்து அந்தச் சல்லடையை மறுபடி அடைக்கும், பெயிண்டுக்கும் ஆகாது. குளிர்நாட்டுக்காரர்கள் ஊற்றும் உறையாத திரவம் நம் ஊருக்குத் தேவையில்லை.

பழைய கார்கள் சிலவற்றில் வாஷர் டேங்கும் ரேடியேட்டரின் கூலன்ட் டப்பாவும் பக்கத்துப் பக்கத்தில் ஒரே நிறத்தில் இருக்கும். கூலன்டை வாஷரில் ஊற்றினால் கண்ணாடி எண்ணெய்ப் படலமாகும், அது விஷமும்கூட. வாஷர் மூடியில் பெயிண்ட் மார்க்கரால் "கண்ணாடி" என்று எழுதிவிடுங்கள்; வண்டியை வேறு யாராவது கழுவிக் கொடுத்தாலும் தப்பு நடக்காது.

அப்புறம், கார் ஓடாமல் நின்றாலும் வாரம் ஒரு தடவை வாஷரை இரண்டு மூன்று விநாடி அழுத்திவிடுங்கள். மோட்டாரும் இறுகாது, நாசிலில் உப்பும் காயாது. டிக்கியில் அரை மீட்டர் ட்யூப், ஒரு டி ஜாயிண்ட், அந்தக் காருக்கான ஃபியூஸ் இரண்டு போட்டு வையுங்கள். வடகிழக்குப் பருவமழைக்கு முன், செப்டம்பர் கடைசியில், டேங்கை ஒரு முறை காலி செய்து சல்லடையைத் திறந்து பார்த்துவிட்டால் அந்த மழைக்காலத்துக்குப் போதும்.